இருபது நாள் கணக்கு

சைக்கிளில் ஊர் உலகம் சுற்றியவர்களின் கதைகளில் எத்தனை மைல் போனார்கள், எத்தனை மலை ஏறினார்கள் என்பதெல்லாம் விலாவாரியாக இருக்கும். மழைக்கு ஒதுங்கி எத்தனை நாள் சும்மா உட்கார்ந்திருந்தார்கள் என்பது மட்டும் பெரும்பாலும் இருக்காது. வரவை மட்டும் எழுதிவிட்டுச் செலவை விட்டுவிட்ட பேரேடு மாதிரி!

அந்தச் செலவும் பதிவான ஒரு கணக்கு உண்டு. தாமஸ் ஸ்டீவன்ஸ் இங்கிலாந்தில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர். சைக்கிளில் உலகத்தைச் சுற்றிய முதல் ஆள். அவருடைய வண்டி, முன்சக்கரம் மட்டும் ரொம்பப் பெரிதாக நிற்குமே, அந்தப் பழைய ரகம். சேற்றில் சக்கரம் சிக்கினால் தலைகுப்புற விழ வேண்டியதுதான். மூட்டையில் இருந்தது காலுறை, ஒரு மாற்றுச் சட்டை, ஒரு மழைக்கோட்டு. அந்தக் கோட்டுதான் ராத்திரி கூடாரம், படுக்கை எல்லாம்.

1884 ஏப்ரல் 22 அன்று சான் பிரான்சிஸ்கோவில் கிளம்பி, ஆகஸ்ட் 4 அன்று பாஸ்டன் சேர்ந்தார். தூரம் சுமார் 3,700 மைல். மொத்தம் நூற்று மூன்றரை நாள். அதில் பயணம் செய்தது எண்பத்து மூன்றரை நாள். மழை முதலான காரணங்களால் நின்றது 20 நாள். அதாவது ஐந்தில் ஒரு பங்கு! போன நாட்களை மட்டும் பார்த்தால் தினம் சுமார் 71 கிலோமீட்டர். நின்ற நாட்களையும் சேர்த்தால் 57. நாம் திட்டம் போடும்போது எடுத்துக்கொள்ள வேண்டியது இரண்டாவது எண்ணை.

அதன் பிறகு வந்த குளிர்காலத்தில் நியூயார்க்கில் தங்கி 'அவுட்டிங்' என்ற பத்திரிகைக்குப் பயணக் கட்டுரைகள் எழுதினார். அந்தப் பத்திரிகையே அவரைத் தன் நிருபராக்கி இங்கிலாந்துக்குக் கப்பல் ஏற்றிவிட்டது. சும்மா இருந்த காலம்தான் மீதிப் பயணத்துக்கு வழி செய்தது. அடுத்த குளிர்காலம் தெஹ்ரானில். 1885 செப்டம்பர் முடிவில் போனவர், 1886 மார்ச் மாதம்தான் கிளம்பினார்.

பனியைக் காத்திருந்து தாண்டியவரை அரசாங்கங்கள் விடவில்லை. ஆப்கானிஸ்தானில் பிடித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். கான்ஸ்டான்டினோபிள் வரை திரும்பிப் போய், கப்பலில் கராச்சி வந்து, லாகூரிலிருந்து கல்கத்தா வரை கிராண்ட் டிரங்க் ரோட்டில் ஓட்டினார். பிறகு சீனா, ஜப்பான். 1886 டிசம்பர் 17 அன்று யோகோஹாமாவில் முடித்தார்.

காத்திருப்பது நமக்குப் புதிதா என்ன? மழைக்காலத்தில் ஊர் ஊராய்ப் போகாமல் ஓரிடத்தில் தங்குவதை பௌத்த, சமணத் துறவிகள் ஒரு விதியாகவே வைத்திருந்தார்கள். உலகம் சுற்றக் கிளம்பிய பார்சி இளைஞர்கள் ஆறு பேரும் பம்பாயை விட்டுப் புறப்பட்டது 1923 அக்டோபரில், அதாவது தென்மேற்குப் பருவமழை ஓய்கிற சமயம். அவர்களில் மூன்று பேர் 1928 மார்ச்சில் பயணத்தை முடித்துத் திரும்பினார்கள்.

இங்கே பெங்களூரில் 2008-இல் தொடங்கிய நீலகிரி சைக்கிள் பயணத்தையும் டிசம்பரில்தான் வைத்தார்கள். ஆனால் தனியாகவோ நாலு பேராகவோ கிளம்புகிறவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் மூன்று நாள் லீவு. திங்கட்கிழமை ஆபீஸ். ஊட்டியிலிருந்து இறங்கும்போது மழை பிடித்தால் நிற்க நாள் இல்லை; நனைந்த ரிம்மோடு கொண்டை ஊசி வளைவுகளில் இறங்குகிறார்கள். அந்த ஈரத்தில் பிரேக் உடனே பிடிக்காது என்பது ஓட்டுகிற எல்லாருக்கும் தெரியும். பந்திப்பூர் காட்டுச் சாலையை வேறு 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை மூடிவிடுகிறார்கள். மழை விடட்டும் என்று தாமதித்தால் அந்த ராத்திரி அங்கேயே தங்க வேண்டியதுதான்.

வங்கியில் கடன் கொடுக்கும்போதே, திரும்பி வராமல் போகக்கூடியதற்கு ஒரு தொகையை ஒதுக்கி வைக்கிறோம். அதை யாரும் நஷ்டம் என்று அழுவதில்லை. சைக்கிள் பயணத்துக்கும் ஐந்து நாளுக்கு ஒரு நாள் ஒதுக்குங்கள். மழை வராவிட்டால் ஒரு நாள் முன்னதாகவே வீடு வந்து சேரலாம், வீட்டிலும் சந்தோஷப்படுவார்கள் :-)