மரியோ, சோனிக், டூம்: ஓயாத வழக்கு

1990 முதல் 1994 வரையிலான ஐந்தாண்டுகளில் வந்த வீடியோ கேம்களில் எது சிறந்தது என்ற வழக்கு, முப்பது ஆண்டுகள் கடந்தும் தீரவில்லை. அந்த வழக்கு ஆடுபவர்களிடையே தானாகக் கிளம்பியது அல்ல. இரண்டு ஜப்பானிய நிறுவனங்களின் வியாபாரப் போட்டிதான் அதை மூட்டிவிட்டது. 1983-ல் சரிந்து விழுந்த அமெரிக்க வீட்டு வீடியோ கேம் வியாபாரத்தை மறுபடி தூக்கி நிறுத்தியது கியோட்டோ நகரத்து நின்டெண்டோ. அதன் 8 பிட் கன்சோல் வீடுதோறும் உட்கார்ந்திருந்த நேரத்தில், டோக்கியோவின் சேகா 1988 அக்டோபரில் மெகா டிரைவ் என்ற 16 பிட் கன்சோலை இறக்கியது. மறு ஆண்டு அது ஜெனசிஸ் என்ற பெயரில் அமெரிக்காவுக்குப் போனது. நின்டெண்டோவின் பதில் 1990 நவம்பர் 21-ல் வந்தது. ஜப்பானியக் கடைகளுக்கு வந்த மூன்று லட்சம் சூப்பர் ஃபாமிகாம்களும் சில மணி நேரத்தில் தீர்ந்தன. உடன் வந்த ஆட்டங்கள் இரண்டு: சூப்பர் மரியோ வேர்ல்டு, எஃப்-ஜீரோ.

இரண்டு பெட்டிகளும் வேறு வேறு சுபாவம் கொண்டவை. மெகா டிரைவின் மூளையான மோட்டோரோலா 68000 சிப், நின்டெண்டோ சிப்பைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு கடிகார வேகத்தில் ஓடியது. நின்டெண்டோவோ திரையில் ஒரே சமயத்தில் 256 நிறங்களைக் காட்டியது. சேகாவால் 64-ஐத் தாண்ட முடியவில்லை. வேகம் ஒரு பக்கம், வண்ணமும் இசையும் மறுபக்கம். அந்தந்தப் பெட்டிக்கு எழுதப்பட்ட ஆட்டங்களின் குணமும் இதிலிருந்தே பிறந்தது.

சூப்பர் மரியோ வேர்ல்டை இயக்கியவர் தகாஷி டெசுகா, தயாரித்தவர் ஷிகெரு மியாமோட்டோ. மரியோவை ஒரு டைனோசர் மீது ஏற்றிவிட வேண்டும் என்பது மியாமோட்டோவின் பல வருட ஆசை. 8 பிட் பெட்டிக்கு அந்தச் சக்தி இருக்கவில்லை. புதுப் பெட்டியில் யோஷி பிறந்தான். மரியோ யோஷி மேல் ஏறி உட்கார்ந்த கணத்தில், ஓடிக்கொண்டிருக்கும் பாட்டோடு பொங்கோ தாளம் சேர்ந்துகொள்ளும். இறங்கினால் தாளம் நின்றுவிடும். கோஜி கோண்டோ செய்த அந்தச் சின்ன வேலையை ஆடியவர்கள் பலர் காதால் அறிந்தார்கள், கவனித்துச் சொல்லத் தெரியவில்லை. ஆட்டத்தில் மொத்தம் 96 வெளிவாசல்கள். பாதிக்குப் பாதி தெரியாமலேயே ஆட்டத்தை முடித்துவிடலாம். ஒரே லெவலுக்குள் இன்னொரு வழி ஒளிந்திருக்கிறது என்று தெரிந்தவன், தெரியாதவனைக் கூப்பிட்டுக் காட்டுவான். ஆட்டத்தின் ஆயுள் அதிலேதான் நீண்டது.

சோனிக் 1991 ஜூனில் வந்தான். படம் வரைந்தவர் நவோட்டோ ஓஷிமா, புரோகிராம் எழுதியவர் யூஜி நாகா, லெவல்களை அமைத்தவர் ஹிரோகாசு யாசுஹாரா. ஓடவும் உருளவும் குதிக்கவும் திசைப் பட்டையோடு ஒரே பட்டன் போதும். பள்ளத்தில் உருண்டு வேகம் பிடித்து, அந்த வேகத்திலேயே வட்டப் பாதையில் தலைகீழாக ஏறி இறங்கும் முதல் லெவல் இன்றும் மனதை அள்ளும். ஆனால் இரண்டாவது பகுதியான மார்பிள் ஜோனில் நெருப்புக் குழம்பின் மேல் மெல்ல நகரும் கல்லில் ஏறிக் காத்து நிற்க வேண்டும். வேகத்துக்காகவே பிறந்த கதாபாத்திரத்தை இப்படி நிற்கவைத்தது அந்த ஆட்டத்தின் உண்மையான குறை. விளம்பரத்தில் அந்தக் குறை தெரியவில்லை. பொம்மை வியாபாரத்தில் பெயர் எடுத்து, சேகாவின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக வந்த டாம் கலின்ஸ்கி, கன்சோல் விலையைக் குறைத்து, அதனுடன் சோனிக்கைச் சேர்த்தே கொடுத்து, நின்டெண்டோ சின்னப் பிள்ளைகளுக்கானது என்று விளம்பரம் செய்தார். எந்தப் பெட்டி வீட்டில் இருக்கிறதோ அந்தக் கட்சி என்று பள்ளிக்கூட மைதானங்கள் பிரிந்தது அப்போதுதான். ஒரு வீட்டில் இரண்டு கன்சோல் வாங்கித் தர எல்லாப் பெற்றோராலும் முடியாது. இருப்பதைத் தாங்கிப் பேசுவதுதான் பிள்ளைக்கு வழி.

சூப்பர் மரியோ வேர்ல்டு உலகெங்கும் 2 கோடிக்கு மேல் விற்றது. அதைச் சிறப்புக்குச் சான்றாகக் காட்டுபவர்கள், பல நாடுகளில் அது கன்சோல் பெட்டிக்குள்ளேயே வந்தது என்பதை மறந்துவிடுகிறார்கள். விற்பனைக் கணக்கால் இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. 1991 நவம்பரில் வந்த செல்டா வரிசையின் மூன்றாவது ஆட்டம் மரியோ அளவுக்கு விற்கவில்லை. ஆனால் ஒரே வரைபடத்தை ஒளி உலகம், இருள் உலகம் என்று இரண்டாக மடித்து, ஒன்றில் நின்று மற்றதன் பூட்டைத் திறக்கவைத்த அதன் கட்டுமானத்தை விஞ்சியது அந்த ஐந்தாண்டில் எதுவும் இல்லை.

இவை எல்லாம் ஆக்கியவர் சொன்ன வழியில் ஆடப்பட்ட ஆட்டங்கள். ஆக்கியவரே எதிர்பாராததை ஆடுபவர்கள் எடுத்துக்கொண்டு போன ஆட்டங்கள் வேறு. வழக்கின் கனம் அங்கேதான் இருக்கிறது.

1991-ல் கேப்காம் நிறுவனம் ஆர்கேடுகளுக்கு இறக்கிய ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அப்படிப்பட்டது. 1987-ல் வந்த முதல் பாகம் அவ்வளவாக எடுபடவில்லை. இரண்டாம் பாகத்தை வடிவமைத்த அகிரா நிஷிதானியும் அகிரா யாசுதாவும், தேர்ந்தெடுக்க எட்டு வீரர்களைக் கொடுத்தார்கள். ரியூ, கென் இருவரைத் தவிர ஒருவரைப் போல ஒருவர் இல்லை. இந்தியாவின் சார்பில் நிற்பவர் தால்சிம்: கழுத்தில் மண்டையோட்டு மாலை, யோகத்தால் நீளும் கைகால்கள், வாயிலிருந்து தீ. வெளிநாட்டார் கற்பனையில் இந்தியா எப்படி இருந்தது என்பதற்கு அது சாட்சி. ஆனாலும் தூரத்தில் நின்று அடித்து எதிரியை நெருங்கவிடாமல் ஆடும் பாணியைப் பலருக்குக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ரியூவின் கையிலிருந்து நெருப்புப் பந்து கிளம்ப, ஜாய்ஸ்டிக்கைக் கீழே அழுத்தி, அங்கிருந்து கால்வட்டமாக எதிரியின் பக்கம் சுழற்றி, அது முடியும் இடத்தில் குத்துப் பட்டனைத் தட்ட வேண்டும். முதல் நாள் யாருக்கும் வராது. பத்தாவது நாள் விரல் தானாகப் போகும்.

ஆட்டத்தின் பெரிய அதிசயம் ஒரு சோதனை வேலையில் கண்ணில் பட்டது. இடையில் வரும் போனஸ் சுற்றில் ஒரு காரை அடித்து நொறுக்க வேண்டும். அங்கே பிழை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்த நோரிடகா ஃபுனாமிசு, சரியான நொடியில் தட்டினால் ஓர் அடி முடிவதற்குள் அடுத்த அடி விழுவதைக் கண்டார். அந்த நொடியைப் பிடிப்பது மிகவும் கடினம், யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்று எண்ணி அதை நீக்காமல் விட்டார்கள். ஆர்கேடில் நாணயத்தை வரிசையாக வைத்துக் காத்திருந்த பையன்கள் அதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். எதிரி தடுக்க முடியாதபடி அடிமேல் அடியாகத் தொடுப்பதற்குக் காம்போ என்று பெயர் வந்தது; பின்னால் வந்த சண்டை ஆட்டங்களுக்கெல்லாம் அதுவே இலக்கணம். கள்ள போர்டுகள் செய்தவர்கள் ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டி, நெருப்புப் பந்துகளை இஷ்டத்துக்கு வளைத்து விற்றபோது, கேப்காமே 1992 இறுதியில் வேகம் கூட்டிய டர்போ பதிப்பை வெளியிட வேண்டி வந்தது. 1996-ல் கலிஃபோர்னியாவில் நடந்த ஒரு சிறிய போட்டியில் இந்த வரிசையின் பிற்கால ஆட்டங்களை ஆடினார்கள். இன்று ஈவோ என்று அறியப்படும் உலகப் போட்டியின் தொடக்கம் அதுவே.

1992-ல் வந்த மார்ட்டல் கோம்பாட் நிஜ நடிகர்களைப் படம்பிடித்து ஆட்டத்துக்குள் வைத்தது. அதன் பலம் அடியில் இல்லை, சிந்திய ரத்தத்தில். வீட்டுப் பதிப்பில் நின்டெண்டோ ரத்தத்தை நிறம் மாற்றி வியர்வையாக்கியது. சேகாவில் பட்டன்களைச் சரியான வரிசையில் அழுத்தினால் ரத்தம் திரும்ப வரும். 1993 டிசம்பர் 9-ல் நடந்த அமெரிக்க செனட் விசாரணைக்கு அது ஒரு காரணமானது. வயதுவாரித் தரச்சான்று மறு ஆண்டு வந்தது. ஆட்டமாக அது ஸ்ட்ரீட் ஃபைட்டருக்குப் பக்கத்தில் வைக்கத் தகுந்ததல்ல.

கன்சோல் கட்சிகளின் சத்தத்தில் கம்ப்யூட்டர் ஆட்டங்கள் பெரும்பாலும் வழக்குக்கே அழைக்கப்படவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் எட்டுக்கு எட்டுப் புள்ளிகளுக்குள் ஒரு நடக்கும் ஆளை வரைந்து பார்த்த விளையாட்டிலிருந்து 1991-ல் லெம்மிங்ஸ் வந்தது. அதே ஆண்டு, போர்விமான ஆட்டங்களுக்குப் பெயர்போன மேரிலாந்தின் மைக்ரோபுரோஸில் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் சிவிலைசேஷனை முடித்தார்கள். கி.மு. 4000-ல் குடியேறிகளை வைத்துக்கொண்டு தொடங்கி, ஊர் கட்டி, எழுத்து கண்டுபிடித்து, விண்கலம் அனுப்புவது வரை ஒரே ஆட்டம். இன்னும் ஒரே ஒரு முறை ஆடிவிட்டுப் படுக்கலாம் என்று உட்கார்ந்தவர்கள் விடியலைப் பார்த்தார்கள்.

அதில் இந்தியாவின் தலைவர் காந்தி. ஆட்டத்திலேயே மிகச் சாந்தமான அவருடைய கோப எண் 1 என்றும், ஜனநாயகத்துக்கு மாறியதும் அதில் 2 கழிந்து பூஜ்யத்துக்குக் கீழே போக முடியாமல் 255-க்குத் தாவிவிடும் என்றும், அதனால் அவர் அணுகுண்டு வீசத் தொடங்குவார் என்றும் ஒரு கதை உலகமெங்கும் பரவியது. புரோகிராமிங் வகுப்புகளில்கூட அதைச் சொன்னார்கள். 2020-ல் வெளிவந்த தன் நினைவுநூலில் சிட் மையர் அப்படி ஒரு பிழையே இருந்ததில்லை என்று எழுதினார். காந்தி அந்த ஆட்டத்தில் மற்ற சாந்தமான தலைவர்களைப் போலவேதான் நடந்துகொண்டார். கணக்கில் இல்லாத கோபத்தை அவருக்குக் கொடுத்தது ஆடியவர்களின் நினைவு. 2010-ல் வந்த ஐந்தாம் பாகத்தில், வடிவமைப்பாளரே வேடிக்கையாகக் காந்திக்கு அணுகுண்டு விருப்பத்தை மிக அதிகமாக வைத்தார். அந்தப் பிழைக் கதை பரவியது அதற்குப் பிறகுதான்.

1993 செப்டம்பரில் ராண்ட் மில்லர், ராபின் மில்லர் சகோதரர்களின் மிஸ்ட் வந்தது. ஆளில்லாத தீவு, எதிரிகள் இல்லை, சாவு இல்லை. ஒரு படத்தைத் தொட்டால் அடுத்த படம். நெம்புகோலை இழுத்தால் தூரத்தில் எங்கோ ஏதோ திறக்கும் ஓசை. 60 லட்சத்துக்கு மேல் விற்றது, அதற்காகவே சி.டி. டிரைவ் வாங்கியவர்கள் உண்டு. ஆனால் எது சிறந்தது என்ற சண்டையில் அதன் பெயர் அடிபடுவது குறைவு. மைதானத்தில் சண்டை போட்ட பையன்கள் அதன் ரசிகர்கள் அல்ல. வீட்டில் அமைதியாக உட்கார்ந்து ஆடிய பெரியவர்களும் பெண்களும் சண்டைக்கு வரவில்லை. வழக்கில் யார் பேசினார்களோ அவர்களுடைய ஆட்டங்களே பட்டியலில் நின்றன. இது அந்த வழக்கின் பெரிய அநியாயம்.

டூமின் கதை மரியோவிடமிருந்தே தொடங்குகிறது. 1990 செப்டம்பரில் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில், ஜான் கார்மேக் என்ற இளம் புரோகிராமர் ஐ.பி.எம். கம்ப்யூட்டரில் திரையைத் தடங்கலில்லாமல் பக்கவாட்டில் நகர்த்தும் உத்தியைக் கண்டுபிடித்தார். அதுவரை கன்சோலால் மட்டும் முடிந்த காரியம் அது. உடன் வேலை பார்த்த டாம் ஹாலுடன் இரவெல்லாம் உட்கார்ந்து, சூப்பர் மரியோ பிரதர்ஸ் 3-ன் முதல் லெவலை அச்சு அசலாகக் கம்ப்யூட்டரில் எழுதிவைத்தார்கள். காலையில் வந்து பார்த்த ஜான் ரொமேரோ அசந்துபோனார். நின்டெண்டோவுக்குக் காட்டினார்கள், கம்ப்யூட்டருக்கு மரியோவைத் தர அது மறுத்துவிட்டது. அந்தக் கூட்டம் ஐடி சாஃப்ட்வேர் என்ற சொந்த நிறுவனமாகி, 1992-ல் வுல்ஃபென்ஸ்டைன் 3டி-யையும், செனட் விசாரணைக்கு மறுநாளான 1993 டிசம்பர் 10-ல் டூமையும் வெளியிட்டது.

கடைக்குப் போகாமல், விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஒரு சர்வரில் அதை ஏற்றினார்கள். காத்திருந்தவர்கள் முன்கூட்டியே உள்ளே நிரம்பிவிட்டதால், ஆட்டத்தை ஏற்ற வந்தவர்களுக்கே இடம் கிடைக்கவில்லை. முதல் ஒன்பது லெவல்கள் இலவசம். யாரும் யாருக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கலாம். பிடித்தால் மிச்சத்துக்குப் பணம். தொழில்நுட்பத்தில் ஒரு தந்திரம் இருந்தது. பார்க்க முப்பரிமாணம், உள்ளே தட்டையான வரைபடம். ஓர் அறையின் மேல் இன்னோர் அறை அதில் இருக்கவே முடியாது. அந்தக் குறையை ஒளி, உயரம், கதவுக்குப் பின்னால் கேட்கும் உறுமல் ஆகியவற்றால் மறைத்தார்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய முடிவு, ஆட்டத்தின் எஞ்சினை வேறாகவும் படங்கள், லெவல்கள், ஒலிகளை வேறு கோப்பாகவும் கார்மேக் பிரித்து வைத்தது. வுல்ஃபென்ஸ்டைனை ஆடியவர்கள் கஷ்டப்பட்டு உடைத்து மாற்றுவதைப் பார்த்த பிறகு எடுத்த முடிவு அது. 1994 தொடங்கிய வேகத்திலேயே ரசிகர்கள் சொந்த லெவல்கள் செய்ய ஆரம்பித்தார்கள். 1997 டிசம்பரில் எஞ்சினின் மூலநிரலையும் நிறுவனம் திறந்துவிட்டது. 2019-ல் ரொமேரோவே ஒரு ரசிகனைப் போல உட்கார்ந்து, அந்தப் பழைய ஆட்டத்துக்குப் புதிதாக ஒன்பது லெவல்கள் செய்து வெளியிட்டார். ஆடுபவர்கள் கையில் முழுதாகக் கொடுக்கப்பட்டது என்ற ஒரே அளவுகோலால் பார்த்தால், அந்த ஐந்தாண்டின் சிறந்த ஆட்டம் டூம்தான்.

நியூயார்க் மாநிலம் ராசெஸ்டரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015-ல் உலக வீடியோ கேம் புகழ்மன்றத்தைத் தொடங்கியபோது தேர்ந்த முதல் ஆறு ஆட்டங்களில், 1990–94 காலத்திலிருந்து இடம்பெற்றது டூம் ஒன்றே. சோனிக் 2016-ல் சேர்ந்தான். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 அதற்கு அடுத்த ஆண்டு. சிவிலைசேஷனுக்கு 2022-ல் இடம் கிடைத்தது. மிஸ்ட் 2024 வரை வெளியே நின்றது.