எட்டு டொலரும் எழுதாத வாக்கும்

நம்மவர் பெருந்தொகையாக வாழும் ஒன்ராறியோவின் வடக்கே, ஜேம்ஸ் விரிகுடாவின் மேற்குச் சதுப்பு நிலத்தில், 2007 இல் நிக்கல் கண்டறியப்பட்டது. குரோமைட் படிவுகளும் வெளிப்பட்டன. ஜோனி காஷ் பாடிய பாடலொன்றின் பெயரால் அப்பகுதி 'நெருப்பு வளையம்' ஆயிற்று. குரோமைட்டை வாங்கிய அமெரிக்க நிறுவனம் கிளிஃப்ஸ், வீதிக்கு வழி காணாமல் 2013 இல் பணிகளை நிறுத்தியது. 2022 இல் அவுஸ்திரேலியாவின் வைலூ உரிமை பெற்றது.

நிலத்தின் கதை இதனிலும் பழையது. ஆல்பனி ஆற்றங்கரையிலுள்ள மார்ட்டின் ஃபோல்ஸ் மக்கள் 1905 இல் 9ஆம் இலக்க உடன்படிக்கையில் ஒப்பமிட்டனர். ஆற்றுக்கு வடக்கேயுள்ள நிலம் 1929-30 இல் சேர்க்கப்பட்டது. ஆளுக்கு எட்டு டொலர், பின்னர் ஆண்டுதோறும் நான்கு. சுரங்கத்துக்காக நிலத்தை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்பது எழுத்தில் இருந்தது. ஆனால் ஆணையாளர்களுள் ஒருவரான மக்மார்ட்டினின் நாட்குறிப்பு, முன்போலவே வேட்டையாடலாம், மீன்பிடிக்கலாம் என்று வாய்மொழியாக உறுதியளிக்கப்பட்டதைக் காட்டுகிறது. ஒப்பந்தங்களைப் பற்றி எழுதியே காலங்கழித்த எனக்கு, நாட்குறிப்பே நம்பத்தக்க ஆவணமாகத் தோன்றுகிறது. கையொப்பமிட்டவர்கள் கேட்டது அதைத்தானே!

2025 ஜூனில், 'விசேட பொருளாதார வலயங்களில்' மாகாணச் சட்டங்களிலிருந்து விலக்களிக்க ஒன்ராறியோ அரசு அதிகாரம் பெற்றது. அடுத்த மாதமே முதற்குடிச் சமூகங்கள் சில நீதிமன்றம் சென்றன.