தன் பிழையைத் தானே எழுதும் இயந்திரம்

நாசரேத்தில் இருந்துகொண்டு இதை எழுதும் எனக்குக் கணிப்பொறி என்றதும் கப்பல் நினைவுக்கு வருகிறது. காரணம் உண்டு. தூத்துக்குடித் துறைமுகத்தில் நிற்கும் கப்பல் ஒன்றில் ஏறிப் பார்க்க உங்களுக்கு வாய்ப்புக் கிடைத்தால், அங்கே ஒரு பதிவேட்டைக் காண்பீர்கள். காற்று, வேகம், எஞ்சினில் கண்ட கோளாறு எல்லாம் நேரம் குறித்து அதில் எழுதப்பட்டிருக்கும். ஆங்கிலத்தில் இதற்கு ‘லாக்’ என்று பெயர். லாக் என்றால் மரக்கட்டை. முடிச்சிட்ட கயிற்றில் கட்டையைக் கட்டிக் கடலில் எறிந்து, கயிறு ஓடுவதைக் கொண்டு கப்பலின் வேகத்தை அளந்த காலத்துப் பெயர் அது. பெருங்கணிப்பொறியும் இதே பெயரில் ஒரு பதிவேடு வைத்திருக்கிறது.

1964ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் சிஸ்டம்/360 வரிசையை அறிவித்தது. அதில் ஒவ்வொரு 8 பிட்டுக்கும் காவலாக ஒரு பிட் கூடுதலாக உண்டு. மொத்தத்தில் உள்ள ஒன்றுகளின் எண்ணிக்கை எப்போதும் ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படையானால் எங்கோ பழுது. உடனே இயந்திரம் தன் அப்போதைய உள்நிலையை நினைவகத்தில் கொட்டிவிடும். தொடக்கத்தில், வேலையை நிறுத்தி, தனியான துளை அட்டைக் கட்டு ஒன்றைச் செலுத்தித்தான் அதை அச்சிட்டுப் பார்க்க முடிந்தது. அதுவரை மற்றவர்களின் வேலையெல்லாம் காத்துக்கிடக்கும்! பிறகு, இயக்க முறையே அக்குறிப்பைக் காந்தத்தட்டில் எழுதிவைக்கும் ஏற்பாடு வந்தது. அந்தக் கோப்பின் பெயர் ‘சிஸ்1.லாக்ரெக்’.

அடுத்த வரிசையான 370 இன்னும் கெட்டிக்காரத்தனம் வாய்ந்தது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.யில் நிறுவப்பட்ட 370/155 இவ்வரிசையைச் சேர்ந்ததே. அதன் நினைவகத்தில் 64 பிட்டுக்கு 8 காவல் பிட்டுகள். ஒரு பிட் கெட்டால் தானே திருத்திக்கொள்ளும். இரண்டு கெட்டால் கண்டுபிடித்துச் சொல்லும். ஒரு கட்டளை தவறினால் மீண்டும் செய்து பார்க்கும்.

நல்லதுதானே என்பீர்கள். ஆனால் யோசியுங்கள். பிழை திருத்தப்பட்டது, மாணவருக்குச் சரியான விடை கிடைத்தது, யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. பழுது மட்டும் உள்ளே வளர்ந்துகொண்டிருக்கிறது. மாத்திரையால் அடக்கிய காய்ச்சலைப் போன்றது இது. ஆகவேதான் திருத்தப்பட்ட பிழையையும் நாள், நேரத்தோடு லாக்ரெக்கில் எழுதினார்கள். ‘ஈரெப்’ என்ற நிரல் அதைத் தொகுத்து அச்சிடும்.

அந்த அச்சை எப்படிப் படிப்பது? அந்நாளில் காந்தத்தட்டுக் கட்டுகளைக் கழற்றி வேறு ஓட்டியில் மாட்டலாம். ஓர் ஓட்டியில் எந்தக் கட்டை மாட்டினாலும் பிழை வருகிறதா? ஓட்டியில் கோளாறு. ஒரு கட்டு எந்த ஓட்டிக்குப் போனாலும் பிழை தருகிறதா? கட்டில் கோளாறு. ஒரே ஒரு பிழையை வைத்து இதைச் சொல்லவே முடியாது. பல நாள் குறிப்புகள் வேண்டும்.

லாக்ரெக்கின் அளவு வரையறுக்கப்பட்டது. நிறையப் போகிறது என்று எச்சரிக்கை வரும். கவனியாமல் விட்டால் புதிய குறிப்புகள் பதிவாகாமல் போய்விடும். திருத்தப்பட்ட பிழைகள் ஓர் அளவை மீறினால், அவற்றைப் பதிவதை நிறுத்தி ‘அமைதி’ நிலைக்கு இயக்க முறை போய்விடுவதும் உண்டு. நோய் முற்றும்போது குறிப்பை நிறுத்துவதா என்று எனக்குச் சற்று உறுத்தல்தான். ஆனால் எழுதுவதிலேயே இயந்திரத்தின் நேரம் போய்விடுமே!

1978இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டு வெளியேறியது. அதன் இயந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பை அரசு நிறுவனமான கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் ஏற்றது. செய்தவர் போய்விட்ட பின் பழுது பார்க்க வருபவருக்கு, இயந்திரம் தன்னைப்பற்றித் தானே எழுதியதைவிட நம்பத்தக்க சாட்சி வேறு ஏது?

இன்றைய ஐ.பி.எம். பெருங்கணிப்பொறிகளின் இயக்க முறையான இசட்/ஓ.எஸ்.ஸிலும் லாக்ரெக் இருக்கிறது. பல கணிப்பொறிகள் சேர்ந்து ஒரே பதிவேட்டில் எழுதும் வசதியும் வந்துவிட்டது. அதைப் படித்துச் சொல்லும் நிரலுக்கு இன்றும் ஈரெப் என்றே பெயர்.