கண்ணாடி கடைக்கு, இருட்டு வீட்டுக்கு

ஹெச்.ஜி. வெல்ஸ் 1895இல் எழுதின 'டைம் மெஷின்' நாவல் தெரியும்ல? அதுல எதிர்கால மனுஷங்க ரெண்டு இனமா பிரிஞ்சிருப்பாங்க. மேலே வெயில்ல விளையாடுற எலாய். தரைக்குக் கீழே இருட்டுல மெஷின் ஓட்டுற மார்லாக். இந்தக் கதைக்கு விதை போட்டது ஒரு கடைவீடுன்னு எனக்குத் தோணுது.

லண்டன் பக்கத்துல ப்ராம்லி. அங்கே கடைத்தெருவில் இருந்த 'அட்லஸ் ஹவுஸ்'லதான் 1866 செப்டம்பர் 21 அன்று வெல்ஸ் பிறந்தார். அப்பா ஜோசஃப் பீங்கான் பாத்திரமும் கிரிக்கெட் சாமானும் விற்றவர். ஆளு சும்மா இல்லை. 1862இல் கென்ட் அணிக்காக சசெக்ஸுக்கு எதிரா 4 பந்துல 4 விக்கெட் எடுத்த பவுலர்!

அந்தக் காலத்து இங்கிலாந்துக் கடைகளோட டிசைனைப் பார்ப்போம். 1845இல் கண்ணாடி மேல இருந்த வரி போச்சு; 1851இல் ஜன்னல் வரியும் போச்சு. சின்னச் சின்னக் கண்ணாடித் துண்டுகளை மரச் சட்டத்துல பதிச்ச ஜன்னல்கள் மாறி, பெரிய பெரிய கண்ணாடிகள் வந்தன. ஆனா முன்பக்கம் முழுக்கக் கண்ணாடின்னா, மாடியோட செங்கல் சுவரை எது தாங்கும்? அதுக்குத்தான் கடை முகப்புக்கு மேலே குறுக்கா ஒரு பெரிய உத்தரம். சில இடத்துல ஒல்லியான வார்ப்பிரும்புத் தூண்களும் உண்டு. தெருவுல இருந்து பார்த்தா, கனமான சுவர் கண்ணாடி மேல மிதக்குற மாதிரி இருக்கும்.

இதுல ஒரு விஷயம் கவனிங்க. தெருப் பக்கத்து வெளிச்சம் முழுக்க சரக்குக்குப் போயிடுது. குடும்பத்துக்குக் கிடைப்பது மிச்ச இடம்: கடைக்குப் பின்னால் கூடம், மாடியில் படுக்கையறை, தரைக்குக் கீழே சமையலறை. வெல்ஸ் வீட்டுச் சமையலறை ஜன்னலுக்கு வெளியே ஒரு சுவர். அதுக்கு மேலே நடைபாதையோட இரும்புக் கம்பிச் சட்டம். குழந்தை வெல்ஸ் அங்கிருந்து அண்ணாந்து பார்த்தா ஜனங்க முகம் தெரியாது, பூட்ஸ்தான் தெரியும். ஏழைகளோட பூட்ஸ் பத்தி 1907இல் அவர் வெளியிட்ட சின்னப் புத்தகம் அந்த ஜன்னல்ல இருந்துதான் தொடங்குது.

1877இல் அப்பாவுக்குக் கால் முறிஞ்சது. கிரிக்கெட் வருமானம் நின்னது. 1880இல் அம்மா சாரா, அப்பார்க் என்ற மாளிகையில் வீட்டு நிர்வாகியா வேலைக்குப் போனாங்க. பையனைத் துணிக்கடைக்கு அனுப்பினாங்க. அங்கே வேலைப் பசங்களுக்குத் தங்குமிடமும் முதலாளி கட்டடத்துலயே. கடை மூடினாலும் முதலாளியோட கூரையை விட்டு வெளியே வர முடியாது. 'கிப்ஸ்' நாவல்ல அந்த வாழ்க்கை இருக்கு.

மார்லாக் கற்பனை அப்பார்க் மாளிகையோட வேலைக்காரச் சுரங்கப்பாதையில இருந்து வந்ததுன்னும் சொல்றாங்க. இருக்கலாம். ஆனா அதுக்கு ரொம்ப முன்னாடியே, மேலே யாரு, கீழே யாருன்னு அவருக்குக் காட்டினது அந்தச் சமையலறை.

அட்லஸ் ஹவுஸ் இன்னைக்கு இல்லை. அந்த இடத்துல ஒரு நினைவுப் பலகை இருக்கு. அடுத்த தடவை விக்டோரியா காலத்து சீரியல்ல பளபளன்னு ஒரு கடை வந்தா, கண்ணாடியைப் பார்த்துட்டு அப்படியே நடைபாதைக்குக் கண்ணை இறக்குங்க. அங்கே ஒரு கம்பிச் சட்டம் இருந்தா, அதுக்குக் கீழே யாரோ சமைச்சுட்டு இருந்திருப்பாங்க.