கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ஸ்பிரிங் ரிவெர்ப்: ஓட்டும் சுற்றை முன்வைத்து ஓர் ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

சொந்தமாகக் கட்டிய கிட்டார் ஆம்ப்ளிஃபயரில் ரிவெர்ப் சேர்ப்பவர்கள் பலரும் முழக்கம் மெலிந்திருக்கிறது, கரகரக்கிறது என்று சொல்லி, ஸ்பிரிங்குகள் அடங்கிய பெட்டியான டேங்குக்குப் பின்னால் வரும் மீட்புச் சுற்றின் பெருக்கத்தைக் கூட்டிக்கொண்டே போகிறார்கள். கூடுவது ஹம் மட்டுமே. குறை பெரும்பாலும் டேங்குக்கு முன்னால், அதை ஓட்டும் சுற்றில்தான் இருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம்.

2. டேங்கின் வரலாறும் இயக்கமும்

தொலைதூரத் தொலைபேசித் தடங்களில் ஏற்படும் தாமதத்தை ஆய்வகத்தில் உண்டாக்கிப் பார்க்க பெல் ஆய்வகத்தில் ஸ்பிரிங் கருவி ஒன்று உருவானது. அதைத் தம் மின் ஆர்கனுக்கு எடுத்துக்கொண்டவர் சிகாகோவின் லாரன்ஸ் ஹாமண்ட். தேவாலயத்தில் கேட்ட முழக்கம் கம்பளம் விரித்த வீட்டுக் கூடத்தில் கேட்கவில்லை என்பது ஆர்கன் வாங்கியவர்களின் குறை. 1960 வாக்கில் ஹாமண்ட் நிறுவனம் கொண்டுவந்த, ஏறத்தாழ 42 செ.மீ. நீளமுள்ள 'வகை 4' டேங்கே இன்றும் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களின் அளவுகோல். ஃபெண்டர் நிறுவனம் 1961-ல் ரிவெர்பைத் தனிப்பெட்டியாக விற்றது. 1963-ல் வைப்ரோவெர்ப் ஆம்ப்ளிஃபயருக்குள்ளேயே அதை வைத்தது.

உள்ளே நடப்பது எளியது. உள்ளீட்டுச் சுருளில் ஓடும் மின்னோட்டம், ஸ்பிரிங்கின் முனையிலுள்ள சிறு காந்தத்தை முறுக்குகிறது. அந்த முறுக்கு ஸ்பிரிங் வழியே பயணித்து, மறுமுனைக் காந்தத்தை அசைத்து, வெளியீட்டுச் சுருளில் மின்னழுத்தமாகிறது. எஞ்சியது திரும்பி ஓடி மீண்டும் வருகிறது. வகை 4-ல் இரு பாதைகள் உண்டு. ஒன்றின் தாமதம் சுமார் 33 மில்லிவினாடி, மற்றதன் தாமதம் 41. இரண்டும் சமமாக இல்லாததால்தான் எதிரொலி எண்ணக்கூடிய தட்டல்களாக விழாமல் முழக்கமாகக் கலந்து கேட்கிறது.

3. உள்ளீட்டுச் சுருள்

டேங்கின் மேல் அச்சிட்ட குறியீட்டில் இரண்டாம் எழுத்து உள்ளீட்டு இம்பீடன்ஸைச் சொல்லும்: 'ஏ' என்றால் 8 ஓம், 'இ' என்றால் 600 ஓம், 'எஃப்' என்றால் 1475 ஓம். கடையில் 'ஒரு ரிவெர்ப் டேங்க் கொடுங்கள்' என்று கேட்டு வாங்கி வருபவர் தவறவிடும் எழுத்து இதுதான்.

இந்த எண்கள் 1 கிலோஹெர்ட்ஸில் அளந்தவை. சுருள் ஒரு மின்தூண்டி; அதிர்வெண் ஏற ஏற இம்பீடன்ஸும் ஏறும். காந்தத்தை முறுக்குவதோ மின்னோட்டம். ஆகவே எல்லா அதிர்வெண்களிலும் ஒரே அளவு மின்னோட்டம் வேண்டுமானால், உயர் அதிர்வெண்களில் மின்னழுத்தம் பெருக வேண்டும். 600 ஓம் சுருளுக்குத் தேவை சுமார் 3.1 மில்லி ஆம்பியர். 1 கிலோஹெர்ட்ஸில் அதற்கு 1.9 வோல்ட் போதும். டேங்க் கடத்தும் உச்ச எல்லையான 5 கிலோஹெர்ட்ஸ் அருகே அதுவே 9.3 வோல்ட் ஆகிவிடும். ±15 வோல்ட்டில் இயங்கும் ஆப்-ஆம்ப் தரக்கூடிய எல்லையும் ஏறக்குறைய அதுதான். 1475 ஓம் சுருளில், அதற்குரிய மின்னோட்டத்தை வைத்துப் பார்த்தால், இதே கணக்கு 15 வோல்ட்டைத் தொடும். ஆப்-ஆம்ப் அங்கே தோற்றுவிடும். 8 ஓம் சுருளுக்கு மின்னழுத்தம் ஒரு பொருட்டே அல்ல, ஆனால் 28 மில்லி ஆம்பியர் வேண்டும். டிஎல்072 போன்ற சில்லால் அது ஆகாது. ஆப்-ஆம்ப் கொண்டு கட்டுபவருக்கு 600 ஓம் அல்லது அதற்கும் கீழே 150, 200 ஓம் சுருள்களே பொருத்தம் என்பது என் முடிவு.

4. ஓட்டும் சுற்று: இரு வழிகள்

ஃபெண்டரின் வழி வால்வ் வழி. 1960-களின் ஏபி763 சுற்றில் 12ஏடி7 வால்வின் இரு பாதிகளும் இணையாகச் சேர்ந்து, 25,000 ஓமை 8 ஓமாக இறக்கும் ஒரு சிறு மின்மாற்றியை ஓட்டுகின்றன. அதன் நுழைவாயிலில் உள்ள மின்தேக்கி வெறும் 500 பிகோபாரட். 1 மெகா ஓமுடன் சேர்ந்து 318 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டுகிறது. அளவு சிறிதாயிற்றே என்று நினைத்து அதைப் பெரிதாக்குபவர்கள் உண்டு. செய்யக் கூடாது. கிட்டாரின் தாழ் சுரங்களே வலிமையானவை. அவை சுருளின் உள்ளகத்தை நிறைவுறச் செய்து, மீதி ஒலியையும் கெடுத்துவிடும். (இச்சுற்றில் 400 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்னழுத்தம் உண்டு, மின்தேக்கிகளை வடிக்காமல் கை வைக்கக் கூடாது.)

ஆப்-ஆம்ப் வழியில் சுருளைப் பின்னூட்டப் பாதையிலேயே வைப்பது நேர்த்தியான தீர்வு. வெளியீட்டுக்கும் எதிர் உள்ளீட்டுக்கும் இடையே சுருள்; எதிர் உள்ளீட்டிலிருந்து தரைக்கு 470 ஓம் மின்தடை. இப்போது மின்னோட்டத்தைத் தீர்மானிப்பது மின்தடை மட்டுமே, 1.46 வோல்ட் கொடுத்தால் 3.1 மில்லி ஆம்பியர் ஓடும். முன்னால் 10 நானோபாரட்டும் 47 கிலோ ஓமும் வைத்தால் வெட்டு 339 ஹெர்ட்ஸ், ஃபெண்டருக்கு மிக அருகில். சுருளுக்கு இணையாக 10 கிலோ ஓம் இருந்தால், டேங்கின் வயர் கழன்றாலும் ஆப்-ஆம்ப் ஒரு பக்கமாய்ச் சாய்ந்து நின்றுவிடாது. இவ்வமைப்பில் சுருளின் எந்த முனையும் தரையைத் தொடலாகாது. உள்ளீட்டு ஜாக் பெட்டியிலிருந்து காப்பிடப்பட்ட டேங்கே வேண்டும். குறியீட்டின் ஐந்தாம் இடத்தில் 'சி' இருந்தால் அது அத்தகையது.

5. மீட்பும் கலப்பும்

வெளியீட்டுச் சுருள் தருவது சில மில்லிவோல்ட். நூறு மடங்கு பெருக்கம் போதும். ரிவெர்புக்கான சமிக்ஞையை வால்யூமுக்குப் பின்னால் எடுக்க வேண்டும். முன்னால் எடுத்தால் வால்யூமைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பின்னும் முழக்கம் மட்டும் பேய்போல் கேட்கும். திரும்பி வருவதை, எடுத்த இடத்துக்கும் பின்னால்தான் கலக்க வேண்டும். அதே புள்ளியில் கலந்தால் ஊளை.

6. இடவமைப்பு

டேங்கின் வெளியீட்டு முனை பவர் டிரான்ஸ்ஃபார்மரிலிருந்து முடிந்தவரை தள்ளி இருக்கட்டும். ஸ்பீக்கரும் அதே பெட்டியில் இருந்தால் டேங்கை ரெக்சின் பையில் இட்டு அடித்தளத்தில் பொருத்துவது வழக்கம். இடமே இல்லாத பெட்டிக்கு மூன்று பிடி2399 சில்லுகள் கொண்ட பெல்டன் டிஜிட்டல் கட்டி உண்டு. நன்றாகவே கேட்கும், தட்டினால் மட்டும் இடி இடிக்காது.

7. சோதனை

ரிவெர்ப் கேட்கவில்லையென்றால் டேங்கை விரலால் மெல்லத் தட்டுக. இடி முழங்கினால் மீட்புச் சுற்று நலம். பழுது ஓட்டும் சுற்றிலோ உள்ளீட்டுச் சுருளிலோ இருக்கிறது. சுருளை மல்டிமீட்டரால் அளக்கும்போது அச்சிட்ட எண்ணை எதிர்பார்க்க வேண்டாம்: 600 ஓம் சுருள் ஏறத்தாழ 58 ஓம் காட்டும், 8 ஓம் சுருள் ஒரு ஓமுக்கும் குறைவாகக் காட்டும். அதை ஷார்ட் என்று எண்ணி நல்ல டேங்கைக் கழற்றி எறிய வேண்டியதில்லை.