பொட்டலத்தில் திரும்பி வரும் முருங்கை: 'சூப்பர் ஃபுட்' வரலாறும் நம் வீட்டுச் சட்டியும்



மதுரங்குளி, கடையாமோட்டை, விருதோடைப் பக்கம் இப்போது அடிக்கடி நம் காதில் விழும் கேள்விகள் இவை: சியா விதை வாங்கலாமா? முருங்கைத் தூள் நல்லதா? பிள்ளைக்கு ஸ்பிருலினா குளிசை கொடுக்கலாமா? கேட்பவர்களில் பலர் விரும்பி மரக்கறிக்கு மாறியவர்கள் அல்லர். 2022 நெருக்கடிக்குப் பிறகு இறைச்சியும் முட்டையும் குறைந்துபோன வீட்டுக்காரர்கள். அந்தக் குறையை ஒரு பொட்டலம் நிரப்பும் என்று நம்பி, கையில் இருக்கும் காசையும் அதில் போடுகிறார்கள். அதனால் கொஞ்சம் வரலாற்றைப் புரட்டிப் பார்ப்போம்.

'சூப்பர் ஃபுட்' என்பது மருத்துவர்கள் வைத்த பெயர் அல்ல, வியாபாரத்தில் வளர்ந்த பெயர். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் அந்தப் புகழைப் பெற்றது எது தெரியுமா? நம் வளவில் காய்க்கும் வாழைப்பழம்தான்! முதலாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவின் யுனைட்டட் ஃபுரூட் கம்பனி, வாழைப்பழத்தின் சத்தைப் புகழ்ந்து பிரசுரங்கள் வெளியிட்டது. 1924இல் சிட்னி ஹாஸ் என்ற மருத்துவர், சீலியாக் என்னும் குடல் நோயுள்ள பிள்ளைகளுக்கு ரொட்டியை நிறுத்தி வாழைப்பழம் கொடுத்தார். பிள்ளைகள் தேறினார்கள். பெயர் வாழைப்பழத்துக்குப் போனது. பிறகு நெதர்லாந்து மருத்துவர் வில்லெம் டிக்கே உண்மையைக் கண்டுபிடித்தார்: அந்த நோயைக் கிளப்பியது கோதுமை. அதை நிறுத்தியதால்தான் பிள்ளைகள் தேறினார்கள். ஒரு பொருளைச் சாப்பிட்டவர் குணமானார் என்பதால் அந்தப் பொருள்தான் குணமாக்கியது என்று ஆகிவிடாது. 2007 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில், நிரூபிக்கப்பட்ட ஆதாரம் இல்லாமல் இந்தச் சொல்லைப் போட்டு உணவு விற்க முடியாது.

இனி நம் பக்கம் வருவோம். 1344இல் இப்னு பதூதா புத்தளத்துக்கு வந்து ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்தித்தார். தென்னையிலிருந்து பாலும் எண்ணெயும் தேனும் எடுப்பதை வியந்து எழுதியவர் அவர். அன்று முதல் இன்று வரை தென்னை நம் கரையின் பிழைப்பு. 1929இல் தொடங்கிய தென்னை ஆராய்ச்சித் திட்டம்தான் இன்று லுணுவிலையில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனம். அந்தத் தேங்காய் எண்ணெயை உலகம் முதலில் நஞ்சு என்றது, பிறகு அமிர்தம் என்று போத்தலில் அடைத்து விற்றது. இரண்டும் மிகை. அது கெட்ட கொலஸ்ட்ரோலைக் கூட்டுகிறது என்று 2017இல் அமெரிக்க இதய சங்கம் எச்சரித்தது. கறிக்கு அளவாகச் சேர்ப்பது வேறு, மருந்தென்று கரண்டி கரண்டியாகக் குடிப்பது வேறு.

நம் நாட்டில் கப்பல் நின்றபோதெல்லாம் வளவுதான் சோறு போட்டது. 1942இல் பர்மா ஜப்பானிடம் விழுந்ததும் அரிசி வரத்து நின்றது, பங்கீடு வந்தது. அரிசிக்குப் பதிலாக வந்த கோதுமை மா, யுத்தம் முடிந்த பிறகும் போகவில்லை, பாணாக நம் மேசையில் தங்கிவிட்டது. 1970களின் கூப்பன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கு பசியாற்றியது. 2022இல் வீட்டுத்தோட்டம் செய்ய அரச ஊழியர்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை தருமளவுக்கு நிலைமை போனது. ஆனால் கப்பல் திரும்பி வந்ததும் குரக்கனையும் முருங்கையையும் 'ஏழைச் சாப்பாடு' என்று ஒதுக்கினோம். இன்று அதே முருங்கை அழகான பொட்டலத்தில் பல மடங்கு விலைக்கு வருகிறது.

கணக்கைப் பார்ப்போம். பச்சை முருங்கை இலையில் முக்கால் பங்குக்கு மேல் தண்ணீர். காய்ந்தால் எடை நாலில் ஒன்றுக்கும் கீழே இறங்கும். அதனால்தான் '100 கிராம் தூளில்' என்று பொட்டலத்தில் எழுதும்போது எண்கள் பெரிதாகத் தெரிகின்றன. 100 கிராம் தூளை யார் சாப்பிடுகிறார்கள்? ஒரு தேக்கரண்டி சுமார் 3 கிராம். அது ஏறக்குறைய 13 கிராம் பச்சை இலைக்குச் சமம். வீட்டில் ஒரு பிடி இலையைச் சுண்டினாலே அதைவிடக் கூடுதல்.

கினோவாவில் 100 கிராமுக்குப் புரதம் சுமார் 14 கிராம், பாசிப்பயறில் சுமார் 24 கிராம். குரக்கனில் கல்சியம் சுமார் 340 மில்லிகிராம், தீட்டிய அரிசியைவிட 30 மடங்குக்கும் மேல். சோறும் பருப்பும் சேரும்போது ஒன்றின் புரதக் குறையை மற்றொன்று நிரப்புகிறது. சியாவில் நல்ல கொழுப்பும் நார்ச்சத்தும் உண்டு, மறுக்கவில்லை. வசதி உள்ளவர் வாங்கட்டும். அது இல்லாததால் எந்தப் பிள்ளையும் மெலியாது.

ஆனால் ஒரு விஷயத்தில் இலையும் தானியமும் கைகொடுக்காது. அது விற்றமின் பி12. 1944இல் பிரித்தானியாவில் 'வீகன்' சங்கம் தொடங்கியது. பி12 பிரித்தெடுக்கப்பட்டது 1948இல்தான். நுண்ணுயிர்கள் உருவாக்கும் இந்தச் சத்து நமக்கு மீன், முட்டை, பால், இறைச்சி வழியாகவே கிடைக்கிறது. குறைந்தால் இரத்தச்சோகையும் நரம்புப் பாதிப்பும் வரலாம். ஸ்பிருலினாவில் பி12 இருப்பதாக விற்பார்கள். அதில் பெரும்பகுதி நம் உடலுக்குப் பயன்படாத போலி வடிவம். அதை நம்பி இருப்பதுதான் உண்மையான ஆபத்து.

ஆகவே நம் முடிவு இதுதான். கொஞ்சம் நெத்தலியோ வாரத்தில் சில முட்டையோ சேர்க்க முடிந்தால் பொட்டலக் காசை அதற்குக் கொடுங்கள். முழுக்க மரக்கறி மட்டும் உண்பவர் டொக்டரிடம் கேட்டு பி12 குளிசை எடுப்பது அவசியம். கீரைச் சுண்டலில் தேசிக்காய் பிழியுங்கள், இரும்புச்சத்து நன்றாகச் சேரும். சாப்பிட்ட கையோடு பிளேன்டீ குடிப்பது அதைத் தடுக்கும், ஒரு மணித்தியாலமாவது பொறுங்கள். தூளையோ கருஞ்சீரக எண்ணெயையோ நம்பி சீனி வருத்தத்துக்கான மருந்தை நிறுத்தாதீர்கள். கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொன்ன நபி (ஸல்) அவர்கள் மருத்துவம் செய்துகொள்ளவும் சொல்லியிருக்கிறார்கள்.

உண்ணுவதிலும் பருகுவதிலும் வீண்விரயம் கூடாது என்பது நம் மார்க்கம். பிள்ளையின் சாப்பாட்டுக் காசை மினுங்கும் பொட்டலத்துக்குக் கொடுப்பதும் ஒரு விரயம்தான். மழை தொடங்கியதும் வேலியோரம் ஒரு முருங்கைக் கம்பு நடுங்கள், அடுத்த வீட்டுக்கும் ஒன்று கொடுங்கள்.

அல்லாஹ் நம் உணவில் பரக்கத் செய்வானாக. பயன் என்று கண்டால் வீட்டுப் பெண்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.