ஐம்பதும் அறுபதும்: தொலைக்காட்சி அளவுகள் பிரிந்த வரலாறு

மரக்காலும் படியும் ஊருக்கு ஊர் வேறுபட்டிருந்த நாளில், வெளியூரில் நெல் விற்கப் புகுந்த வணிகன் முதற்கண் அவ்வூர் அளவையைக் கேட்டறிந்தான். தொலைக்காட்சிப் படத்துக்கும் இத்தகைய ஊரளவை உண்டு. பல நாடுகளுக்கென நிகழ்ச்சி எடுப்போர் காமிரா வாங்குமுன் அதனை அறிதல் வேண்டும்.

பிரிவினையின் வேர் மின்சாரத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் மின்னோட்டம் நொடிக்கு 60 சுழற்சி, ஐரோப்பாவில் 50. தொடக்ககாலத் தொலைக்காட்சிப் பெட்டிகளில் மின்னோட்டத்தின் குறுக்கீடு, திரையில் ஊர்ந்து செல்லும் பட்டையாகத் தோன்றிக் கண்ணை உறுத்தியது. படத்தின் வேகத்தை மின்னோட்டத்தோடு இசைவித்தால் அவ்வூர்தல் அடங்கும். எனவே அமெரிக்கர் நொடிக்கு 30 படம் என்றும், ஐரோப்பியர் 25 படம் என்றும் வகுத்தனர்.

கோடுகளின் எண்ணிக்கையிலும் ஒற்றுமை இல்லை. 1936-இல் பிரிட்டன் 405 கோடுகளோடு ஒளிபரப்பைத் தொடங்கிற்று. அமெரிக்கா 1941-இல் 525 கோடுகளை ஏற்றது. பிரான்சு 1948-இல் 819 என்றது. ஐரோப்பாவின் பிற நாடுகள் பல 625 என்றன. 1953 ஜூன் 2-இல் எலிசபெத் அரசியாரின் முடிசூட்டு விழாவை ஐரோப்பாவுக்கு அஞ்சல் செய்தபொழுது, ஓர் அளவில் ஓடும் திரையின் எதிரே மற்றோர் அளவுக் காமிராவை நிறுத்திப் படம்பிடித்தே மாற்றினர்!

வண்ணம் வந்தபின்னும் ஒற்றுமை வரவில்லை. அமெரிக்கா 1953-இல் என்.டி.எஸ்.சி. வண்ண முறையை ஏற்றது. அதற்காக 30 என்பது 29.97 ஆயிற்று. செருமானியப் பொறியாளர் வால்ட்டர் புரூக் பால் முறையையும், பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி டி பிரான்சு செக்காம் முறையையும் அமைத்தனர். 1965-இல் பிரான்சும் சோவியத்து நாடும் செக்காம் குறித்து உடன்பாடு செய்துகொண்டன. 1966-இல் ஆசுலோவில் கூடிய உலக மாநாட்டிலும் இணக்கம் பிறக்கவில்லை. அறிவியல் வகுத்த கோட்டை அரசியல் ஆழமாக்கியது என்க.

1963-இல் தொலைக்காட்சி தொடங்கிய சிங்கப்பூரும் மலேசியாவும் 625 கோட்டு முறையைக் கைக்கொண்டன. பின்னர் 1974-இல் சிங்கப்பூரிலும், 1978-இல் மலேசியாவிலும் பால் முறையில் வண்ணம் வந்தது.

இப்பிளவுக்கிடையே பொதுவாக நின்றது திரைப்படச் சுருளே. அதன் வேகம் நொடிக்கு 24 படம். ஐரோப்பியர் அதனைச் சற்றே விரைவாக்கி 25 ஆக ஓட்டினர். 100 நிமிடப் படம் 96 நிமிடத்தில் முடிந்தது. அமெரிக்கர் ஒரு படத்தை இருமுறையும் அடுத்ததை மும்முறையும் காட்டி 60-ஐ நிரப்பினர். வீடியோவுக்கோ இவ்வெளிமை இல்லை. 60-ஐ 50 ஆக்கினால் அசைவு தடுமாறும். நல்ல மாற்றுக்கருவிக்குப் பெரும்பொருள் வேண்டும்.

ஆகவே, திரையரங்கை எண்ணியவர் 24-க்கு அண்மையிலுள்ள 25-ஐ நாடினர். டேனி பாயில் இயக்கி 2002-இல் வெளிவந்த '28 டேஸ் லேட்டர்' படத்தின் பெரும்பகுதி, பால் முறை கேனன் காமிராவால் எடுக்கப்பட்டதே. அவ்வாண்டிலேயே பானசோனிக் 24 படம் எடுக்கும் சிறு காமிராவை விற்பனைக்குக் கொணர்ந்தது. 2005 அளவில் வந்த சோனி இசட்-1, 50, 60 இரண்டுக்கும் மாறவல்லதாயிற்று.

உயர்தெளிவு முறை 1920-க்கு 1080 புள்ளிகள் என உலகை ஒன்றாக்கிற்று. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் பழைய ஒளிபரப்பு 2019-இல் மறைந்தது. எனினும் 50, 60 என்ற வேகப் பிரிவு மறையவில்லை. 50 சுழற்சி விளக்கொளியில் 60 வேகத்தில் எடுத்தால் படம் துடிக்கும். காமிராவின் மூடியை நொடியில் நூறில் ஒரு பங்கு என வைத்தால் துடிப்பு அடங்கும்.

எனவே காமிராவின் விலையைக் கேட்குமுன் இரண்டு கேட்டல் வேண்டும்: படம் எந்நாட்டில் காட்டப்படும்? எந்நாட்டு விளக்கின் கீழ் எடுக்கப்படும்? அளவையறியாது எடுத்த படத்தைப் பின்னர்த் திருத்துவது அரிது. ஒரு சமூகத்தின் விழாவும் முதியோர் குரலும் அப்படத்தில் இருந்தால், இழப்பு பணத்தோடு நில்லாது.